அத்தியாயம் 6: பேக்கேஜுக்குப் பெயர் வைத்தல்

ராயகிரி பேரூராட்சியில் எந்த வார்டுக்கு எந்த நாளில், எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்பதைக் கைபேசியில் முன்கூட்டியே சொல்லும் ஒரு கட்டற்ற மென்பொருளை நான்கு மாணவர்கள் சேர்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கற்பனைத் திட்டம்தான் நமக்கு உதாரணம். மாணவர்களில் இருவர் ராயகிரிக்காரர்கள், ஒருவர் சிவகிரி, ஒருவர் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குப் போய்விட்டவர். பைத்தான் மொழியில் எழுதுகிறார்கள். கோடு எல்லோருக்கும் பொதுவான ஒரு ரெப்போவில் இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே ‘நியூ’, ‘யூட்டில்ஸ்’, ‘டேங்க்’, ‘ராயகிரி_ஆப்’, ‘முருகன்_டெஸ்ட்’ என்று ஐந்து பேக்கேஜுகள்.

முதல் சில வாரங்களுக்கு இந்தப் பெயர்களால் எந்தத் தொந்தரவும் வராது. எழுதியவர்கள் தினமும் பேசிக்கொள்கிறார்கள். ‘நியூ’வுக்குள் என்ன இருக்கிறது என்று நால்வருக்கும் தெரியும். பிறகு புளியங்குடியில் இருந்து ஒரு மாணவி சேர்கிறார். ஒரு வார்டின் நேரம் தப்பாக வருகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். எந்த பேக்கேஜைத் திறப்பது? ‘டேங்க்’ என்பது தெருவில் நிற்கும் மேல்நிலைத் தொட்டியா, ஊருக்கு வெளியே இருக்கும் கண்மாயா? நம் பக்கத்துப் பொதுப்பணித் துறை ஆவணங்களில் இரண்டாவதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அவர் ஐந்தையும் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. பாதி நாள் போகிறது. பலர் இந்த இடத்திலேயே திட்டத்தை விட்டு விலகிவிடுகிறார்கள். தங்களுக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

கூட்டுத் திட்டத்தில் ஒரு பேக்கேஜின் பெயரை எழுதுவது ஒருவர், ஒருமுறை. படிப்பது அந்த மாணவியைப் போன்ற பலர், பல ஆண்டுகள். ஆகவே பெயர் அவர்களுக்காக இருக்கட்டும். இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் கோடு என்ன வேலை செய்கிறதோ அதைப் பெயராக வையுங்கள். யார் எழுதினார், எந்த ஊரில், எந்த நிறுவனத்தின் கீழ், எந்த ஆண்டில் என்பதெல்லாம் பெயருக்குள் வர வேண்டாம். இவை மாறுகிற வேகத்தில் கோடு செய்யும் வேலை மாறுவதில்லை.

ஒரு பேக்கேஜுக்கு மூன்று பெயர்கள்

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பைத்தானில் ஒரே பேக்கேஜுக்கு மூன்று இடங்களில் பெயர் இருக்கிறது. ‘பிப்’ கொண்டு நிறுவும்போது தட்டச்சு செய்வது ஒன்று. அது ‘பைபிஐ’ என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கும் பெயர். கோடின் முதல் வரிகளில் ‘இம்போர்ட்’ செய்யும்போது எழுதுவது இரண்டாவது. ரெப்போவின் பெயர் மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. புதியவர்கள் சறுக்கும் இடமும் அதுதான்.

படங்களைக் கையாளும் ‘பில்லோ’வை நிறுவியவர் இம்போர்ட் செய்யும்போது ‘பி.ஐ.எல்.’ என்று எழுத வேண்டும். இதற்கு நியாயமான காரணம் உண்டு. பராமரிப்பு நின்றுபோன ‘பி.ஐ.எல்.’ என்ற பழைய பேக்கேஜில் இருந்து 2010இல் கிளைத்ததுதான் பில்லோ. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் உடையாமல் இருக்க, உள்பெயரை அவர்கள் மாற்றவில்லை. ‘சைகிட்-லேர்ன்’ கதை வேறு. அதை இம்போர்ட் செய்யும் பெயர் ‘எஸ்கேலேர்ன்’. பழக்கதோஷத்தில் பலர் அந்த இரண்டாவது பெயரையே பிப்பிடம் கொடுத்தார்கள். அந்தப் பெயரிலும் பைபிஐ-யில் ஒரு போலி உறை வைத்து, உண்மையானதை நோக்கித் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கி அந்த வழியைப் படிப்படியாக அடைத்தார்கள். அதை நம்பி எழுதியிருந்த எத்தனையோ நிறுவல் பட்டியல்களை மாற்றி எழுத வேண்டி வந்தது.

நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள். பழைய பாரம் எதுவும் இல்லை. மூன்று இடத்திலும் ஒரே பெயரை வையுங்கள். பதிவேட்டுப் பெயரில் இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து எதுவானாலும் பைபிஐ ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் இம்போர்ட் பெயரில் இடைக்கோடு போட முடியாது, மொழி அதைக் கழித்தல் குறியாகப் படித்துவிடும். அடிக்கோட்டையும் தவிர்த்து, சின்ன எழுத்தில் ஒரே சொல்லாக வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

ஓப்பன்-தமிழ் தரும் பாடம்

தமிழ் நிரலாளர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பல தன்னார்வலர்களும் சேர்ந்து வளர்த்தது ‘ஓப்பன்-தமிழ்’. ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிப்பது, சொற்களை அகரவரிசைப்படுத்துவது, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ததைத் தமிழாக்குவது, பிழை திருத்துவது என்று அதன் பயன்கள் நீளும். பைத்தானில் தமிழ் உரையைத் தொட்ட எவரும் ஏதோ ஒரு நாளில் அதை நிறுவியிருப்பார். அதன் தரத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. இங்கே பார்க்கப்போவது பெயர்களை மட்டும்.

ஓப்பன்-தமிழை நிறுவினால் உள்ளே ‘தமிழ்’ என்ற ஒரு பேக்கேஜ் வருகிறது. கூடவே அதற்குப் பக்கத்தில், அதே மட்டத்தில், ‘சொல்திருத்தி’, ‘டிரான்ஸ்லிட்டரேட்’, ‘என்கிராம்’, ‘ஸ்பெல்’ போன்றவையும் வந்து அமர்கின்றன. ‘சொல்திருத்தி’ அருமையான பெயர். வேலை என்னவென்று சொல்கிறது, உலகில் வேறு யாரும் அந்தப் பெயரை எடுத்திருக்கப்போவதில்லை. ‘டிரான்ஸ்லிட்டரேட்’டும் வேலையைச் சொல்கிறது. ஆனால் அந்த வேலையை உலகில் இன்னும் பலர் செய்கிறார்கள். ரஷ்யன், கிரேக்கம், ஜார்ஜியன் முதலிய எழுத்துகளை லத்தீனுக்கு மாற்றும் வேறொரு பேக்கேஜ் பைபிஐ-யில் இதே பெயரில் இருக்கிறது. ‘என்கிராம்’ என்றும் இன்னொருவருடைய பேக்கேஜ் ஒன்று இருக்கிறது.

ஒரே கணினியில் ஓப்பன்-தமிழையும் அந்த இன்னொரு ‘டிரான்ஸ்லிட்டரேட்’டையும் நிறுவினால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே ஃபோல்டருக்குள் கோப்புகளை இறக்கும். பின்னால் வந்தது முன்னால் வந்ததன் தொடக்கக் கோப்பின் மேல் எழுதிவிடும். பிப் எந்த எச்சரிக்கையும் தராது. நேற்று வரை ஓடிய நிரல் இன்று தெரியாத ஒரு பிழையோடு நிற்கும். ஒன்றை நீக்கினால் மற்றதற்கு வேண்டிய கோப்புகளும் சேர்ந்து போய்விடலாம். டெபியன் லினக்ஸில் இப்படி நடக்காது. அங்கே ஒரு பேக்கேஜின் கோப்பை இன்னொரு பேக்கேஜ் அழித்து எழுத முயன்றால், அதன் நிறுவல் கருவியான ‘டிபிகேஜி’ நிறுவலையே நிறுத்திவிடும். பைத்தான் உலகில் அந்தக் காவல் கிடையாது என்பதால் பெயர் வைப்பவரே காவலாக இருக்க வேண்டியிருக்கிறது.

பொதுச்சொல்லை வெளிமட்டத்தில் வைக்காதீர்கள் என்பதுதான் இதில் இருந்து நான் எடுத்துக்கொள்ளும் வழிமுறை. உங்கள் திட்டத்துக்கென்று தனித்துவமான ஒரே ஒரு பெயரை வெளிமட்டத்தில் வையுங்கள். மற்ற எல்லாம் அதற்கு உள்ளே இருக்கட்டும். ‘தமிழ்’ என்பதற்குள் ‘டிரான்ஸ்லிட்டரேட்’ இருந்தால் யாரோடும் மோதாது. உள்ளே எவ்வளவு எளிய, பொதுவான பெயரையும் தைரியமாக வைக்கலாம்.

நம் ராயகிரித் திட்டத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். தண்ணீர் விடும் நாட்களைக் கணக்கிடும் பகுதிக்கு ‘காலண்டர்’ என்று யாராவது பெயர் வைத்து, ஃபோல்டரை வெளிமட்டத்தில் போட்டுவிட்டார்கள் என்றால் அன்றே சிக்கல் தொடங்கும். பைத்தானோடு வரும் நிலையான நூலகத்தில் ‘காலண்டர்’ என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நிரலை அந்த ஃபோல்டரில் இருந்து ஓட்டும்போது பைத்தான் முதலில் தேடுவது உங்கள் ஃபோல்டரை. இணையத்தில் இருந்து தரவை எடுக்க ‘ரிக்வெஸ்ட்ஸ்’ பேக்கேஜை அழைத்தால், அது குக்கீகளைக் கையாளும் நிலையான நூலகப் பகுதியை அழைக்கும். அந்தப் பகுதி ‘காலண்டர்’ உள்ளே ‘டைம்ஜிஎம்’ என்ற செயல்கூற்றைத் தேடும். உங்கள் காலண்டரில் அது இருக்காது. திரையில் வரும் பிழைச் செய்தி குக்கீ பற்றிப் பேசும். தண்ணீர் நாட்காட்டிக்கும் குக்கீக்கும் என்ன தொடர்பு என்று இரவெல்லாம் தேடுவீர்கள். ‘ஈமெயில்’, ‘கியூ’, ‘டெஸ்ட்’ ஆகிய பெயர்களும் இதே வகைக் கண்ணிகள்.

அட்வென்ட்நெட், ஹட்சன், திருநெல்வேலி

தென்காசிக்கு 2011இல் வந்து, பிறகு மத்தளம்பாறையில் வேரூன்றிய சோஹோ நிறுவனத்தை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. 1996இல் தொடங்கியபோது அதன் பெயர் அட்வென்ட்நெட். 2009இல் சோஹோ கார்ப்பரேஷன் ஆனது. ஜாவா மொழியில் பேக்கேஜ் பெயரை நிறுவனத்தின் இணைய முகவரியைத் தலைகீழாக எழுதித் தொடங்குவது மரபு. அதனால் அந்நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்களில் பெயர் மாற்றத்துக்கு வெகுகாலம் பிறகும் பிழைப் பதிவைத் திறந்தால் ‘காம்.அட்வென்ட்நெட்’ என்று தொடங்கும் வரிகளைப் பார்க்க முடிந்தது. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆயிரக்கணக்கான கோப்புகளின் முதல் வரியில் இருக்கும் பெயரை மாற்றுவது வேறு மாதிரியான வேலை. அவற்றை நம்பி எழுதப்பட்ட வாடிக்கையாளர்களின் நிரல்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றாமல் விடுவது பெரும்பாலும் புத்திசாலித்தனமான முடிவு.

இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். மென்பொருளைத் தானாகக் கட்டமைத்துச் சோதிக்கும் ‘ஜென்கின்ஸ்’ 2011 வரை ‘ஹட்சன்’ என்று அழைக்கப்பட்டது. ஆரக்கிளோடு ஏற்பட்ட பெயருரிமைச் சிக்கலில் அதை உருவாக்கியவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு வெளியேறினார்கள். அதன் உள் பேக்கேஜுகள் இன்றும் ‘ஹட்சன்.மாடல்’ என்றே தொடங்குகின்றன. ஆப்பிள் கைபேசிக்கு நிரல் எழுதுபவர்கள் தினமும் தட்டும் ‘என்எஸ்’ என்ற முன்னொட்டு, 1990களில் ஆப்பிள் வாங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் ‘நெக்ஸ்ட்ஸ்டெப்’ இயங்குதளத்தின் நினைவு. பெயரை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தவர்களும் உண்டு. ஜாவா நிறுவனப் பதிப்பை ஆரக்கிள் 2017இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஆனால் ‘ஜாவாஎக்ஸ்’ என்ற பெயரின் கீழ் புதிதாக எதையும் மாற்றி வெளியிட அறக்கட்டளைக்கு உரிமை கிடைக்கவில்லை. 2020இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் எல்லாம் ‘ஜகார்த்தா’ ஆயின. கோடின் வேலை ஒன்றுகூட மாறவில்லை. பெயரின் முதல் சொல் மட்டும் மாறியது. அதற்காக உலகெங்கும் உள்ள ஜாவா நிரலாளர்கள் தங்கள் நிரல்களைத் திறந்து திருத்தினார்கள்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் 22 வரை ராயகிரி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அன்று முதல் தென்காசி மாவட்டம். அதற்கு முன் யாராவது ‘நெல்லை_தண்ணீர்’ என்று பேக்கேஜ் எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் கோடு சரியாக ஓடிக்கொண்டே பெயர் மட்டும் பொய்யாகியிருக்கும். ‘ராயகிரி_ஆப்’ என்பதிலும் இதே பலவீனம் இருக்கிறது. வாசுதேவநல்லூர்க்காரர்கள் அதே நிரலைத் தங்கள் பேரூராட்சிக்குப் பயன்படுத்த விரும்பினால் என்ன செய்வார்கள்? மொத்தத்தையும் நகலெடுத்து ‘வாசு_ஆப்’ என்று பெயர் மாற்றுவார்கள். ஆறு மாதத்தில் இரண்டு நகல்கள், இரண்டிலும் வேறு வேறு பிழைகள். ஊர்ப் பெயர் கோடுக்குள் இருக்கக் கூடாது, தரவில் இருக்க வேண்டும். ஊருக்கு ஓர் அமைப்புக் கோப்பு. அதில் வார்டுகளும் தொட்டிகளும் நேரங்களும்.

தரவிலும் ஊரின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். சிவகிரி என்று தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி, ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. மத்திய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் பராமரிக்கும் உள்ளாட்சிப் பட்டியலில் ஒவ்வோர் அமைப்புக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணை அடையாளமாக வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயரை மனிதர்கள் படிப்பதற்காக அருகில் எழுதுங்கள்.

ஆள் பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘முருகன்_டெஸ்ட்’டை எழுதிய முருகன் சென்னைக்குப் போய்விட்டார். அவர் பெயர் கிட் வரலாற்றில் இருக்கிறது, அதுவே போதும். ‘நியூ’, ‘ஃபைனல்’, ‘2024’ ஆகியவையும் அப்படியே.

‘யூட்டில்ஸ்’ என்னும் அட்டாலி

எங்கே வைப்பதென்று தெரியாததையெல்லாம் தூக்கிப் போடும் அட்டாலி, பல திட்டங்களில் ‘யூட்டில்ஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. ‘காமன்’, ‘ஹெல்ப்பர்ஸ்’, ‘மிஸ்க்’ எல்லாம் அதே ரகம். கோ மொழியை உருவாக்கியவர்கள் தங்கள் வழிகாட்டுதலில் இந்த வகைப் பெயர்களை வெளிப்படையாகவே வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தது: ஒரு பேக்கேஜுக்குப் பெயர் வைக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் அதற்குள் இருப்பவை ஒன்றாக இருக்கக் கூடாதவை.

ராயகிரித் திட்டத்தின் ‘யூட்டில்ஸ்’ உள்ளே பாருங்கள். நேரத்தைக் ‘காலை 6.15’ என்று எழுதிக் காட்டும் செயல்கூறு ஒன்று. வார்டு எண்ணில் இருக்கும் தட்டச்சுப் பிழையைச் சரிசெய்வது ஒன்று. குறுஞ்செய்தி அனுப்புவது ஒன்று. இரண்டு நாளுக்கு ஒருமுறையா மூன்று நாளுக்கு ஒருமுறையா என்று முறை கணக்கிடுவது ஒன்று. இவற்றை எழுதியவருக்கு ஒரே பொது அம்சம், எல்லாமே சிறியவை என்பது. பயன்படுத்துபவருக்கு அது பொது அம்சமே இல்லை. முறை கணக்கிடுவதுதான் இந்த மென்பொருளின் உயிர். அதைப் போய் அட்டாலியில் வைத்திருக்கிறோம். அதை ‘ஷெட்யூல்’ என்று தனியாக எடுங்கள். குறுஞ்செய்தியை ‘அலர்ட்ஸ்’ என்று எடுங்கள். வார்டு எண்ணைத் திருத்துவது, வார்டுகளைப் பற்றிய பேக்கேஜுக்குள் போகட்டும். நேரத்தை எழுதிக் காட்டும் செயல்கூற்றை ‘ஷெட்யூல்’ மட்டும்தான் பயன்படுத்துகிறதென்றால் அதற்குள்ளேயே இருக்கட்டும். அட்டாலி காலியாகிவிடும்.

பெயர் வைக்கும்போது உள்ளே இருப்பதன் பெயரோடு சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கோ மொழியின் நிலையான நூலகத்தில் ‘எச்டிடிபி.சர்வர்’ என்றுதான் இருக்கிறது, ‘எச்டிடிபி.எச்டிடிபிசர்வர்’ என்று இல்லை. பேக்கேஜின் பெயர் ஏற்கெனவே சொன்னதை உள்ளே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஷெட்யூல்.ஷெட்யூல்_நெக்ஸ்ட்_டே’ என்பதைவிட ‘ஷெட்யூல்.நெக்ஸ்ட்_டே’ படிக்க இதமாக இருக்கிறது.

தமிழில் பெயர் வைக்கலாமா?

இந்தக் கேள்வியைத் தமிழ் மாணவர்கள் கேட்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். விடை, எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பொதுப் பதிவேடுகளில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. பைபிஐ ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே ஏற்கும். டெபியன் இன்னும் கண்டிப்பு: சின்ன எழுத்து, எண், கூட்டல், கழித்தல், புள்ளி. கோடுக்குள்ளே நிலைமை மொழிக்கு மொழி மாறுகிறது. பைத்தான் 3, 2008இல் வெளிவந்தது முதல் மாறிகளுக்கும் செயல்கூறுகளுக்கும் தமிழ்ப் பெயர் வைக்க விடுகிறது. கோ மொழியிலோ உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பெயருக்குள் வர முடியாது. அந்த மொழி அவற்றை எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. போதாததற்கு, ஒரு பெயரைப் பேக்கேஜுக்கு வெளியே பயன்படுத்த வேண்டுமென்றால் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. தமிழில் பெரிய எழுத்து ஏது?

பைத்தானிலும் பேக்கேஜ் பெயர் என்பது வட்டில் இருக்கும் ஃபோல்டரின் பெயர் என்பதால் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘தொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தான், இம்போர்ட் வரியில் இருக்கும் பெயரை ஒற்றைக் குறியாக்கித் தேடும். வட்டில் இருக்கும் ஃபோல்டர் இரட்டைக் குறியில் இருந்தால், லினக்ஸில் ‘அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை’ என்று பதில் வரும். கண்ணெதிரே ஃபோல்டர் இருக்கும். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்ததால், ஒருவர் மேக்கிலும் இன்னொருவர் உபுண்டுவிலும் வேலை செய்யும் குழுக்களில் இது நேரக்கூடியதே.

அதனால் என் பரிந்துரை: ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதுவதால் அது ஆங்கிலச் சொல்லாக இருக்க வேண்டும் என்றில்லை. ‘எழில்’, ‘சொல்திருத்தி’ போன்ற தமிழ்ப் பெயர்கள் உலகப் பதிவேட்டில் யாரோடும் மோதாமல் நிற்கின்றன. வெளிமட்டப் பெயருக்குத் தமிழ்ச் சொல் என்பது நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு வசதி. வேலையையும் சொல்கிறது, தனித்தும் நிற்கிறது.

எழுத்துக்கூட்டல் ஒன்றை மட்டும் முதல் நாளே முடிவு செய்து எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்களை எப்படி எழுதுவது என்பதில் அரசுக்கே ஒருமித்த முடிவு கிடைக்கவில்லை. 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை 2020 ஜூனில் வெளியே வந்தது. பலத்த விமர்சனம் எழ, அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. குற்றாலத்தை ஆங்கிலத்தில் எழுதும் வழிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் சில, மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலத்தோடு போய்க் குழம்பும். குழுவில் ஒருவர் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ‘ஏ’ போட்டு, மற்றவர் நெடிலுக்கு இரண்டு ‘ஏ’ போட்டால் ஒரே பேக்கேஜை இருவர் இரண்டு பெயரில் தேடுவார்கள். ரீட்மீ கோப்பில் மூன்று வரி போதும்: நெடிலுக்கு எத்தனை எழுத்து, ‘த’வுக்கு ‘டி’யா ‘டிஎச்’சா, ‘ழ’வுக்கு என்ன.

மொழிக்கான குறியீடு தேவைப்படும் பேக்கேஜுகளில் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். டெபியனில் லிப்ரே ஆபீஸின் தமிழ் மொழிபெயர்ப்புப் பேக்கேஜ் ‘டி.ஏ.’ என்று முடிகிறது, லோஹித் தமிழ் எழுத்துரு ‘டி.ஏ.எம்.எல்.’ என்று முடிகிறது. கவனக்குறைவு என்று தோன்றும். முதலாவது தமிழ் மொழிக்கான பன்னாட்டுக் குறியீடு, இரண்டாவது தமிழ் எழுத்துமுறைக்கானது. அச்சிட்ட பக்கத்தைப் படிக்கும் ‘டெசராக்ட்’டுக்கு மொழிக்கு ஒன்றும் எழுத்துமுறைக்கு ஒன்றுமாக இரண்டு தமிழ்ப் பேக்கேஜுகளே அங்கே இருக்கின்றன. உங்கள் பேக்கேஜ் மொழியைப் பற்றியதா, எழுத்தைப் பற்றியதா என்று முடிவு செய்துவிட்டு, இருக்கும் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பிறர் எடுத்துக்கொண்டால்

2016 மார்ச் மாதம், அசெர் கோச்சுலு என்ற நிரலாளர் ஜாவாஸ்கிரிப்டின் ‘என்பிஎம்’ பதிவேட்டில் ‘கிக்’ என்று ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயருள்ள செய்திச் செயலி நிறுவனம் பெயரைக் கேட்டது. அவர் தர மறுத்தார். பதிவேட்டு நிர்வாகம் பெயரை நிறுவனத்திடம் கொடுத்தது. கோபத்தில் அவர் தன் பேக்கேஜுகள் அனைத்தையும் நீக்கினார். அவற்றில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’, பதினொரே வரி. அதை நம்பியிருந்த பெரிய பெரிய திட்டங்கள் உலகெங்கும் அன்று கட்டமைக்க முடியாமல் நின்றன.

உங்கள் திட்டத்துக்கு நேரடியாக ஆபத்து தரக்கூடியது வேறொன்று. 2020இல் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், நிறுவனங்கள் தங்களுக்குள் மட்டும் வைத்திருந்த பேக்கேஜுகளின் பெயர்களை, வெளியே கசிந்த கோப்புகளில் இருந்து திரட்டினார். அதே பெயர்களில் பொதுப் பதிவேட்டில் பேக்கேஜுகளை ஏற்றி, பதிப்பு எண்ணைப் பெரிதாகப் போட்டார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் உள்ளே இருந்ததை விட்டுவிட்டு வெளியே இருந்ததை இறக்கின. அவர் நல்ல நோக்கத்தோடு செய்தவர், அந்த நிறுவனங்களிடம் தகவலும் சொன்னார். எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள். குழுவுக்குள் மட்டும் பயன்படுத்தும் பேக்கேஜானாலும், பெயரை முடிவு செய்தவுடன் பைபிஐ-யிலும் என்பிஎம்-மிலும் டெபியனிலும் தேடிப் பாருங்கள். காலியாக இருந்தால், உண்மையாகவே ஓடும் ஒரு முதல் பதிப்பை அந்தப் பெயரில் வெளியிட்டுவிடுங்கள்.

வைத்த பெயரை மாற்றுவது

பேக்கேஜை இன்னும் வெளியார் யாரும் பயன்படுத்தவில்லை என்றால் இன்றே மாற்றுங்கள். பயன்படுத்துகிறார்கள் என்றால் பழைய பெயர் சில காலம் உயிரோடு இருக்க வேண்டும். டெபியனில் ‘கிட்’ என்ற பெயரை வெகுநாள் வேறொரு கருவி வைத்திருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸின் கிட் அங்கே ‘கிட்-கோர்’ என்ற பெயரில்தான் 2010 வரை இருந்தது. பெயர் மாறிய பிறகும் பழைய பெயரில் ஒரு வெற்றுப் பேக்கேஜ் இருந்து, நிறுவுபவரைப் புதியதிடம் கொண்டுபோய் விட்டது. பைத்தானிலும் இதைச் செய்யலாம். பழைய ஃபோல்டரில் ஒரே ஒரு தொடக்கக் கோப்பு: புதிய பேக்கேஜில் இருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு, பெயர் மாறிவிட்டது என்று எச்சரிக்கை ஒன்றைக் காட்டும். எந்தப் பதிப்பில் அந்தக் கோப்பு நீக்கப்படும் என்று எச்சரிக்கையிலேயே எழுதுங்கள்.

நம் மாணவர்கள் என்ன முடிவெடுத்திருப்பார்கள்? வெளிமட்டத்தில் ‘நீர்முறை’ என்று, ஆங்கில எழுத்தில் ஒரே பெயர். அதற்குள் ‘ஷெட்யூல்’, ‘வார்ட்ஸ்’, ‘ஓவர்ஹெட்டேங்க்ஸ்’, ‘அலர்ட்ஸ்’. ‘முருகன்_டெஸ்ட்’டில் இருந்தவை ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டருக்குப் போயின. ராயகிரி ஓர் அமைப்புக் கோப்பாக மாறியது. வாசுதேவநல்லூருக்கு இன்னொரு கோப்பைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு பேக்கேஜின் தொடக்கக் கோப்பிலும் அது என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் ‘மற்றும்’ என்ற சொல் வந்தால் பேக்கேஜைப் பிரிக்கலாமா என்று யோசித்தார்கள். பெயர்களை உறுதி செய்வதற்கு முன், பட்டியலை மட்டும் புளியங்குடி மாணவியிடம் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். அவர் தவறாகச் சொன்ன இடத்தில் பெயரை மாற்றினார்கள்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெயர் மாற்றத்தைத் தனி கமிட்டாகச் செய்யுங்கள். அதே கமிட்டில் கோடையும் திருத்தாதீர்கள். கிட் பெயர் மாற்றங்களைத் தனியாகப் பதிந்து வைப்பதில்லை, பழைய கோப்பும் புதிய கோப்பும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை வைத்துத்தான் ஊகிக்கிறது. பாதிக்கு மேல் மாறியிருந்தால் அதைப் புதிய கோப்பாக எடுத்துக்கொள்ளும். அப்போது, அந்த வரியை யார், எதற்காக எழுதினார் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் வழி அங்கேயே அறுந்துவிடும்.